பன்னிரண்டாவது தப்புக்காய்

பெரியதம்பியின் எருமையைக் கொன்ற தோட்டா இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் சுடப்பட்டது. தை மாதம் பதினேழாம் தேதி காலை பத்து மணி சுமாருக்கு, ஒலக்கூருக்கு மேற்கே மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லை வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த எருமை கழுத்துக்குக் கீழே ஓர் ஓட்டையோடு முன்னங்கால் மடங்கி விழுந்தது. எட்டு மாதச் சினை. கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தபோது விலா எலும்பில் செருகியிருந்த தோட்டா ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது. அதைப் பிடித்த இடுக்கி வேர்த்தது. சப்-இன்ஸ்பெக்டர் சீனுவாசன் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். நாட்டுத் துப்பாக்கி இல்லை, பன்றி வேட்டைக்காரன் வேலை இல்லை, ராணுவத் தோட்டா என்று எழுதிக்கொண்டார். சுட்டவர் விலாசம் என்ற இடத்தில் ‘வடக்கு’ என்று மட்டும் குறித்துவிட்டு, டீ குடிக்கப் போனார். வடக்கு எல்லையில் சண்டை ஆரம்பித்து அன்று நாலாவது நாள்.

தோட்டாவுக்கு முன்பே காற்று வந்துவிட்டது. சண்டையின் முதல் நாள், அதே கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களின் தலைமேல், ஒரு துண்டு மேகமும் இல்லாத வானத்திலிருந்து நேர் கீழாக ஒரு காற்று இறங்கியது. ஒரு மாதப் பயிர் நாற்பதடி அகலத்துக்கு வட்டமாகப் படுத்துக்கொண்டது. முந்தானைகள் முகத்தில் அறைந்தன. மண்ணெண்ணெய் வாசனை வந்தது. நூறு எண்ணுவதற்குள் அதே காற்று கீழிருந்து மேலே கிளம்பி, புழுதியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள் சூறைக்காற்று என்றார்கள். லூர்துமேரி மட்டும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டாள். இறங்கினது தன் மகள் அமலா என்றும், வேலையை முடித்துக்கொண்டு பத்திரமாகக் கிளம்பிவிட்டாள் என்றும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அமலா விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவள். அவள் அப்பா சவுரிராயன் கொத்தனார் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை முழுவதும் அம்மாவோடு பெரியதம்பி கொல்லையில் களையெடுத்தாள். திண்டிவனத்தில் பன்னிரண்டாவது முடித்தாள். விழுப்புரத்தில் கல்லூரி படிக்கும்போது, வெள்ளத்துக்கு வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்ட ஹெலிகாப்டரை வாய் பிளந்து பார்த்தாள். பொட்டலத்தை எடுக்க எல்லோரும் ஓடியபோது அவள் மட்டும் அதை ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்க ஓடினாள். எட்டு வருடம் கழித்து அவளே ஓட்டினாள். போன கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தவள், அடுப்பருகே உட்கார்ந்து கேப்பைக் களியைத் தின்றபடி அம்மாவிடம் தன் தொழில் ரகசியத்தைச் சொன்னாள்.

“மலைமேல பனி கெடக்கும்மா. எறங்கறப்ப காத்தடிச்சு அது அப்படியே எழும்பிக்கும். வெள்ளையா சுத்திக்கினா தரை எது, வானம் எதுன்னு ஒண்ணும் தெரியாது. அப்ப நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா? பெரியதம்பி ஐயா கொல்லைய நெனச்சுக்குவேன். இந்தாண்ட பூவரசு, அந்தாண்ட மோட்டார் கொட்டா, நடுவுல களையெடுத்துக்கினு நீ. உன் பக்கத்துல மெதுவா வச்சிடுவேன்.”

“எந்தலைமேல வச்சிடாத, போ” என்று லூர்துமேரி இன்னொரு உருண்டை போட்டாள்.

ஆகையால் அமலா மலையில் எங்கே இறங்கினாலும், பெரியதம்பி கொல்லையிலும் இறங்கினாள். அவளைத் துரத்தி வந்த தோட்டாக்களும் அங்கேயே இறங்கின. எருமை செத்த மறுநாள் பூவரச மரத்தில் ஒன்பது ஓட்டை. அடுத்த வாரம் மோட்டார் கொட்டகைச் சுவர் இடிந்தது. மாசி பிறந்த அன்று வட்டத்தின் நடுவில் இரண்டு ஆள் படுத்த அளவுக்கு ரத்தம் ஊறியிருந்தது. பகல் முழுக்க வெயில் அடித்தும் காயவில்லை. ஒருநாள் பூட்சு ஒன்று கிடந்தது, உள்ளே பாதத்தோடு. சீனுவாசன் அதை வாழையிலையில் சுற்றி விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டர் ஆள் எங்கே என்று கேட்கவில்லை. அளவு ஒன்பது, இடது கால் என்று எழுதிப் பதப்படுத்தி வைத்தார். காந்திமதி என்கிற களைக்காரிக்குத் தோளில் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கியது. அதே ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்துவிட்டு, வலது கை தூக்க முடியாமல் வந்து, இடது கையால் களையெடுக்கப் பழகிக்கொண்டாள். பெண்கள் தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். தோட்டாவை அது தடுக்காது என்று சீனுவாசன் சொன்னார். வெயிலையாவது தடுக்கட்டும் என்றார்கள்.

பெரியதம்பி பொறுமைசாலி என்று ஒலக்கூரில் யாரும் சொன்னதில்லை. “ஏம்மா லூர்து, உம் பொண்ணுக்கு இந்தியா மேப்புல வேற எடமே கெடைக்கலியா? என் மூணு காணிதான் கெடச்சுதா?” என்று வரப்பில் நின்று கத்தினார்.

“அவ எறங்கக் கத்துக்கினதே இங்கதான், ஐயா.”

“நான் இன்னா ஏரோப்ளேன் ஸ்கூலா நடத்திக்கினு கீறேன்? ஒரே பேஜாரா பூடுச்சு. எருமை போச்சு, கொட்டா போச்சு. நாளைக்கு நானும் பூட்டா எங்கூட்டுக்காரி உன்னத்தான் கேப்பா!”

“உங்கூட்டம்மா ஏன் என்னக் கேக்கப் போவுது? சந்தோசமா இருக்கும்” என்றாள் லூர்துமேரி. களைக்காரிகள் சட்டிக்குள்ளிருந்து சிரித்தார்கள்.

இறங்குவது இறங்கு காற்று, கிளம்புவது ஏறு காற்று என்று அவளே பேர் வைத்துக்கொண்டாள். சண்டைக் காலத்தில் அமலாவிடமிருந்து போன் கிடையாது, கடிதம் கிடையாது. இந்த இரண்டு காற்றுதான் தகவல். இறங்கு காற்று வந்ததும் லூர்துமேரியின் மூச்சு நிற்கும். ஏறு காற்று வந்தால்தான் திரும்ப வரும். ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேரும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். தோட்டாவைவிடக் கம்பிதான் ஹெலிகாப்டருக்கு எமன் என்று அமலா ஒருமுறை சொல்லியிருந்தாள். அதனால் பன்றிக்காகப் பெரியதம்பி கொல்லையின் குறுக்கே கட்டிய கம்பியை லூர்துமேரி அவர் கண்ணெதிரிலேயே பிடுங்கிச் சுருட்டினாள். வட்டத்துக்குள் குச்சி, சாக்கு, குடம், கயிறு எதையும் யாரும் வைக்கக்கூடாது. வைத்தால் கெட்ட வார்த்தை. ஆட்டுக்குட்டி நுழைந்தால் கல். காற்று மிதித்து மிதித்து அந்த வட்டத்தில் பயிர் செத்து, நெல் அடிக்கும் களம்போல மண் இறுகிப் பளபளத்தது. அறுபத்து மூன்று நாள் லூர்துமேரி அதைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தாள்.

அறுபத்து மூன்றாம் நாள் பங்குனி மாதம் பதினெட்டாம் தேதி. அன்றுதான் மல்லாட்டை பிடுங்கினார்கள். வட்டத்தைச் சுற்றிச் செடிகளைப் பிடுங்கிக் குவித்து, பெண்கள் பூவரச நிழலில் உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். அங்கே மலையில், பனி முகடு ஒன்றின்மேல் பன்னிரண்டு சிப்பாய்கள் காயம்பட்டு மூன்று நாளாகக் கிடந்தார்கள். மூன்று பக்கமும் எதிரி. நாலாவது பக்கம் பள்ளத்தாக்கு. அவ்வளவு உயரத்தில் ஹெலிகாப்டருக்கு மூச்சு வாங்கும். ஓட்டுகிறவரோடு ஓர் ஆளைத்தான் தூக்கும். அமலா துணை விமானியைக் கீழே இறக்கிவிட்டாள், அவர் எடைக்குக் காயம்பட்ட ஓர் ஆள் ஏறலாம் என்று. கதவைக் கழற்றிப் போட்டாள். பின் இருக்கையைப் பிடுங்கிப் போட்டாள். தன் துப்பாக்கியையும் சாப்பாட்டையும் வைத்துவிட்டுப் போனாள். இப்படியாக ஒரு நடைக்கு இரண்டு பேர் என்று கணக்கானது. இதெல்லாம் பிறகு விருதுப் பத்திரத்தில் அச்சாகியிருந்தது. காய் ஆய்ந்த பெண்கள் அதை அப்போதே பார்த்தார்கள்.

காலை ஏழு மணிக்கு முதல் இறங்கு காற்று. ஏறு காற்றோடு புகை வாசனை. எட்டேகாலுக்கு இரண்டாவது; அது கிளம்பும்போது கண்ணாடித் தூள் மழையாகக் கொட்டி, காந்திமதியின் சட்டிமேல் சலசலத்தது. ஒன்பதரைக்கு மூன்றாவது. அப்போது விழுந்த குண்டில் குவித்திருந்த செடிகள் பற்றி எரிந்தன. வட்டத்தின் நடுவில் ஒரு காது கிடந்தது, அதில் கடுக்கன் இருந்தது. பதினோரு மணிக்கு நாலாவது முறை இறங்கியபோது, யாரோ இரண்டு கையாலும் வட்டத்தின் விளிம்பை மண்ணோடு பிறாண்டிய பத்துக் கோடுகள் விழுந்தன. அடுத்த நொடி அந்தக் கோடுகளை யாரோ தூக்கிவிட்டதுபோல் மண் எகிறியது. பன்னிரண்டரைக்கு ஐந்தாவது. ஏறு காற்று போனபின் லூர்துமேரியின் கன்னத்தில் மூன்று சொட்டு ரத்தம். அதைத் துடைக்காமல் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? அமலாவின் ரத்தம். இடது கையில் பட்டிருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை.

ஒரு மணிக்குப் பெரியதம்பி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “சண்டை நின்னுடுச்சும்மா! நியூஸ்ல சொல்லிக்கினே இருக்கான். பன்னெண்டு மணியோட க்ளோஸ்!” பெண்கள் சட்டிகளைக் கழற்றினார்கள். ஒருத்தி குலவை போட்டாள். லூர்துமேரி அறுபத்து மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் குத்துக்காலிட்டு உட்காராமல் காலை நீட்டி உட்கார்ந்தாள். அன்றைய கூலிக்காய் அவளுக்கு ஒன்றரை மரக்கால் வந்திருந்தது. ஈரக் காய். சாக்கில் கிடந்தால் பூசணம் பூத்துவிடும். காயப்போட அந்த வட்டத்தைவிட நல்ல தரை ஒலக்கூரிலேயே இல்லை. வீட்டிலிருந்து நீலத் தார்ப்பாயை எடுத்துவந்தாள். புயல் நிவாரணத்தில் தெருவுக்கே கொடுத்தது. எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் ஆளாளுக்கு மூலையில் பேர் எழுதிவைத்திருந்தார்கள். இவளுடையதில் வெள்ளைப் பெயின்டில் ‘லூ.மே.’ என்று அமலாதான் எழுதியிருந்தாள். வட்டத்தின் நட்டநடுவில் அதை விரித்துக் காயைப் பரப்பினாள்.

சண்டை நின்ற சேதி முகட்டில் இருந்த எதிரிக்குப் போய்ச் சேரவில்லை. காயம்பட்ட சிப்பாய்கள் இன்னும் இரண்டு பேர் அங்கே மிச்சம் இருந்தார்கள். இரண்டு இருபதுக்கு ஆறாவது இறங்கு காற்று வந்தது.

தார்ப்பாய் உப்பியது. பாம்பு படம் எடுப்பதுபோல் ஒரு மூலை எழுந்தது. பிறகு மொத்தமாக, ஒன்றரை மரக்கால் காயோடு, பனை உயரத்துக்குப் போய் இரண்டு சுற்று சுற்றி இல்லாமல் போயிற்று. லூர்துமேரி ஓடிப்போய்த் தாவிப் பிடித்தது வெறும் காற்றை. மேலே எதையோ கிழிக்கிற சத்தம் கேட்டது. மாவு மில்லில் கல் விழுந்ததுபோல் ஒரு சத்தம். கொல்லை முழுக்க ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு மலை சரிகிற ஓசை, மேற்கிலிருந்து கிழக்காக, மண்ணுக்கு அடியில் போய் அடங்கியது. லூர்துமேரி வட்டத்தின் நடுவில் நின்றாள். நூறு எண்ணினாள். ஆயிரம் எண்ணினாள். ஏறு காற்று வரவில்லை.

மறுநாள் மாலை, விமானப்படை ஆட்கள் இரண்டு பேர் ஜீப்பில் சீனுவாசனோடு வந்தார்கள். கடைசி நடையில் ஹெலிகாப்டர் முகட்டில் விழுந்தது, மேலே இருபதடிப் பனி சரிந்து மூடியது, தேட ஆள் போக முடியவில்லை, வருந்துகிறோம் என்றார்கள். லூர்துமேரி தார்ப்பாய் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்; எழுதிக்கொள்ளவில்லை. அவர்களில் மூத்தவர் சமாதானத்துக்காக, மேலேயிருந்து எடுத்த படம் ஒன்றைப் போனில் காட்டினார். வெள்ளைப் பனியில் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வாலில் இருந்த சின்ன விசிறியில் நீலமாக ஒன்று சுற்றியிருந்தது. எதிரியின் ஏதோ ஆயுதம் என்று நினைக்கிறோம், அதில் உள்ள எழுத்து எந்த மொழி என்று புரியவில்லை என்றார். சீனுவாசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “லூ, மே” என்று படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அன்று முழுக்க லூர்துமேரி அழவில்லை. தன் கையால் பெண்ணைக் கொன்றவள் எப்படி அழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் கொல்லைப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினாள்.

மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் காய் கொஞ்சம் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். நிலத்துக்காரர் ஏர் ஓட்டியதும், ஊர்ப் பெண்கள் கூடையோடு இறங்கி அந்தத் தப்புக்காயைப் பொறுக்குவார்கள். பொறுக்கியவளுக்கே அது சொந்தம். நிலத்துக்காரர் ஒரு காய்கூடக் கேட்கக்கூடாது. ஒலக்கூரில் கோர்ட்டு வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற வழக்கம். அன்று பெரியதம்பி உளுந்து விதைக்க ஏர் ஓட்டச் சொல்லியிருந்தார். பச்சைமுத்து டிராக்டரில் சுழல் கலப்பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். லூர்துமேரி அதன் முன் சக்கரத்துக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டாள்.

“யக்கா, எழுந்திரு. இன்னா இது?” என்று பச்சைமுத்து குதித்து இறங்கினான்.

“அந்தக் கத்திய உள்ள உட்டா எம் பொண்ணு துண்டு துண்டாப் பூடுவா. அவ கீழதான் கீறா.”

பெரியதம்பி வந்தார். “லூர்து, அவ விழுந்தது மலையிலம்மா.”

“எருமையச் சுட்டது எங்க, ஐயா?”

பெரியதம்பி பூவரச மரத்து ஓட்டைகளைப் பார்த்தார்.

“காந்திமதி தோளு போனது எங்க? அந்தக் காலு கெடந்தது எங்க? அதெல்லாம் மலையிலதான். அங்க இருவதடி பனின்னா இங்க எவ்ளோ மண்ணுன்னு தெரியல. ஏரு ஓட்டாம தப்புக்காய் பொறுக்க உடுங்க. களைக்கொத்தால கிளறிப் பாத்துக்கறோம். கெடச்சா எனக்கு. கெடைக்கலன்னா அப்புறம் ஓட்டிக்கோங்க, நானே வெத போட்டுக் குடுக்கறேன்.”

“ஏரு ஓட்டாம எவடி தப்புக்காய் பொறுக்கினா, ஒலக்கூர்ல?” என்றார் பெரியதம்பி. அமலா இறங்கிய அறுபத்து மூன்று நாளும் அவரும் வரப்பில் நின்று ஏறு காற்றுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்தான், வெளியே சொன்னதில்லை. “டேய் பச்சமுத்து, வண்டிய ஓரங்கட்டு. சாவிய இப்படிக் குடு. ஜல்தி. தெருவுல போயி எல்லாப் பொம்பளையும் வரச்சொல்லு. பெரியதம்பி கொல்லைய தொறந்து உட்டுட்டான்னு சொல்லு.”

நாற்பத்திரண்டு பெண்கள் வந்தார்கள். வரிசையாக உட்கார்ந்து, மேற்கு ஓரத்திலிருந்து களைக்கொத்தால் கிளறிக்கொண்டே நகர்ந்தார்கள். சாண் ஆழத்தில் காய் கிடைத்தது. முழ ஆழத்தில் தோட்டாக்கள் கிடைத்தன, கூடை கூடையாக. அதற்குக் கீழே மண் குளிர ஆரம்பித்தது. பங்குனி வெயில் முதுகைத் தீய்க்க, விரல்கள் மரத்துப்போயின. இடுப்பளவில் மண் வெள்ளையானது. அள்ளி வெளியே போட்டால் தண்ணீராக ஓடி வாய்க்காலில் கலந்தது. ஆறு பெண்களுக்கு விரல் நுனி கறுத்தது. இரண்டு பேருக்குப் பிறகு நகம் முளைக்கவில்லை. ஒருத்திக்கு உடைந்த தலைக்கவசம் கிடைத்தது. இன்னொருத்திக்கு மூன்று விரலோடு ஒரு கையுறை கிடைத்தது. அவள் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். ஆண்கள் மண்ணை வாரிக் கொட்டினார்கள். பெரியதம்பி தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடை சுமந்தார். பிறந்ததிலிருந்து அவர் கூடை சுமந்ததை யாரும் பார்த்ததில்லை. கீழே, மண்ணுக்கு அடியிலிருந்து, அவ்வப்போது துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கிளறினார்கள்.

அது விழுந்த நாலாம் நாள். உச்சிப்பொழுதில் காந்திமதியின் இடது கை களைக்கொத்து துணியில் மாட்டியது. “யக்கா!” என்று ஒரு கத்தல். லூர்துமேரி தவழ்ந்தே வந்து சேர்ந்தாள். கொத்தைத் தூர எறிந்துவிட்டு விரலால் தோண்டினாள். முதலில் தலைமுடி. பிறகு நெற்றி, உறைந்த ரத்தம் பூசிய முகம். கண்ணிமை அசைந்தது. அமலாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இரும்பில் நசுங்கி, எலும்பு துணியைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அதைத் தன் இடுப்புப் பட்டையால் அவளே இறுக்கிக் கட்டியிருந்தாள். வலது கை ஒரு சிப்பாயின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. அவனுக்கும் மூச்சு இருந்தது. விரலைப் பிரிக்க மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள்.

“எம்மா” என்றாள் அமலா. “இன்னொருத்தன் கீழ கீறான். ஏத்தறதுக்குள்ள சரிஞ்சிடுச்சு. வர்றேன்னு சொல்லியிருக்கேன்.”

லூர்துமேரி அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. “அமலா, அந்தத் தார்ப்பாயி என்னுதுடி. நான்தான் விரிச்சேன். நான்தான் உன்ன...”

“தெரியும். அது எங்கையெழுத்தாச்சே.” அமலாவின் உதடு வெடித்து ரத்தம் வந்தது, சிரிக்கப் பார்த்திருக்கிறாள். “மேலயிருந்து மல்லாட்டையா கொட்டிச்சும்மா. கதவு இல்ல பாரு, உள்ள பூரா ரொம்பிடுச்சு. சாப்பாட்ட வேற எறக்கி வச்சிட்டுப் போயிட்டேன். நாலு நாளா நானும் இவனும் அதத்தான் தின்னுக்கினு இருந்தோம். சரியாக் காயல. ஈரம்.”

விமானப்படை ஆட்கள் விழுப்புரத்திலிருந்து ஆம்புலன்ஸோடு வந்து, தங்கள் அதிகாரியைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டார்கள். பெரியதம்பி குறுக்கே நின்றார். இந்தக் கொல்லையில் கிடைத்தது கண்டெடுத்தவளுக்குச் சொந்தம், நிலத்துக்காரனே கேட்க முடியாது, சர்க்கார் எப்படிக் கேட்கும் என்றார். அவர்கள் சீனுவாசனைப் பார்த்தார்கள். வழக்கம் அப்படித்தான் என்று சீனுவாசன் சொன்னார். கடைசியில் லூர்துமேரியிடமே அனுமதி கேட்டு, அவளையும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் அமலாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சிப்பாய் பிழைத்தான். மூன்று மாதம் கழித்து டெல்லியில் அமலாவுக்கு விருது கொடுத்தார்கள். பதினோரு பேரைக் காப்பாற்றியதாகப் பத்திரத்தில் எழுதியிருந்தது. பன்னிரண்டு என்று திருத்தும்வரை வாங்கமாட்டேன் என்று அமலா சொன்னாள். திருத்த முடியாது என்றார்கள். அவள் மெடலை மட்டும் வாங்கிக்கொண்டு பத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாவது ஆள் பேர் திலக் சிங், வயது இருபத்திரண்டு. பெண்கள் இன்னும் ஒரு வாரம் தோண்டிப் பார்த்தார்கள். வெள்ளை மண் உருகித் தீர்ந்து, பழைய செவ்வல் மண் வந்தது. பெரியதம்பி உளுந்து விதைத்தார். முகட்டில் பனி உருகியபோது ராணுவமும் தேடியது. வெறும் பாறைதான் இருந்தது. அடுத்த வருடம் மல்லாட்டை போட்டார்கள். பிடுங்கியபின் ஏர் ஓட்டாமலே தப்புக்காய் பொறுக்க விட்டார் பெரியதம்பி; அவர் கொல்லையில் மட்டும் அது புது வழக்கமாயிற்று. ஒரு பெல்ட்டு பக்கிள் கிடைத்தது. லூர்துமேரி வட்டத்தில் விதை போட விடவில்லை. தினமும் பெருக்கினாள். ஓர் இறங்கு காற்று ஜோடி சேராமல் நிற்கிறது என்பதை அவளால் மறக்க முடியவில்லை. தூக்கத்திலும் நூறு எண்ணினாள்.

அதற்கும் அடுத்த வருடம், பங்குனி இருபத்தொன்றாம் தேதி, அமலா லீவில் வந்திருந்தாள். இப்போது செயற்கைக் காலோடு புதுப் பையன்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. காலைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தப்புக்காய் பொறுக்கினாள். காலை பத்து மணிக்கு வட்டத்தின் விளிம்பில், பத்துக் கோடுகள் முன்பு விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், அவள் கை மண்ணுக்குள் இன்னொரு கையில் பட்டது. அந்தக் கை அவளை இறுகப் பிடித்துக்கொண்டது.

வெளியே எடுத்தபோது திலக் சிங்குக்கு இருபத்திரண்டு வயதே இருந்தது. வயிற்றுக் காயத்திலிருந்து ரத்தம் சூடாக வந்துகொண்டிருந்தது. காந்திமதி தன் முந்தானையைக் கிழித்து அழுத்திப் பிடித்தாள்; பச்சைமுத்து டிராக்டரை எடுக்க ஓடினான். திலக் சிங் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அமலாவிடம் ஏதோ கேட்டான்.

“இன்னாடி சொல்றான்?” என்றாள் லூர்துமேரி.

“வர்றதுக்கு லேட்டாயிடுச்சா மேடம்னு கேக்கறான்.”

“நீ இன்னா சொன்ன?”

“கொஞ்சம்னு சொன்னேன்.”

பெரியதம்பி அவன் உதட்டில் தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டு, “கூட்டிக்கினு போம்மா, அது உன்னுது” என்றார். அவனைத் தூக்கி டிராக்டர் பெட்டியில் படுக்க வைத்து, அமலா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வண்டி வட்டத்தைத் தாண்டியதும் ஏறு காற்று வந்தது. கீழிருந்து கிளம்பி, இரண்டு வருடப் புழுதியைச் சுருட்டிக்கொண்டு, பூவரச மரத்தை வேர்வரை ஆட்டிவிட்டு மேலே போயிற்று. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். லூர்துமேரி மூடவில்லை. காற்று போனபின் பனை உயரத்திலிருந்து நீலமாக ஒன்று இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு இறங்கி, அவள் காலடியில் விழுந்தது. உதறிப் பார்த்தாள். ஒரு மூலை கிழிந்து எண்ணெய்க் கறை படிந்திருந்தது. மற்றபடி நன்றாக இருந்தது. அன்றைய காயைக் கொட்டி, வட்டத்துக்கு வெளியே, மோட்டார் கொட்டகை ஓரமாக விரித்துக் காயப்போட்டாள். நாலு மூலையிலும் கல் வைத்தாள்.